நட்டால் போதுமா? வேர் பிடிக்க வேண்டாமா?

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று சேதி வருகிற அன்று தொழிலாளி வீட்டில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிறார்கள். மகனுக்குப் புதுச் சட்டை, மகளுக்குப் புதுப் பை. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கடன், தெரிந்தவரிடம் கைமாற்று, காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்கு. "எங்கள் வம்சத்திலேயே முதல் ஆள் காலேஜ் வாசலை மிதிக்கிறது" என்று தாய் பூரித்துப் போகிறாள். இந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தலைமுறை தலைமுறையாக நமக்குச் சாத்திக் கிடந்த கதவு அது.

ஆனால் ஆனி, ஆடியில் போன பிள்ளைகளில் சிலர் தை பிறப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்களே, அந்தச் சேதிக்கு யாரும் மிட்டாய் கொடுப்பதில்லை. அது நாலு சுவருக்குள் அடங்கிவிடுகிறது. "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் கதை முடிகிறது. அடுத்த வாரம் பையன் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போகிறான். அல்லது தகப்பனோடு சிமெண்டுச் சட்டி சுமக்கப் போகிறான்.

படிப்பு ஏறவில்லை! என்ன சுலபமான தீர்ப்பு! பிளஸ் டூ வரை பன்னிரண்டு வருஷம் ஏறிய படிப்பு, ஆறே மாதத்தில் எப்படி இறங்கிப் போகும்? இந்தக் கேள்வியை யாராவது கேட்டதுண்டா?

நாம் கேட்கிறோம். கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றுதான். தவறுவது பிள்ளையின் மூளை அல்ல. கல்லூரியின் முதல் வருஷம் என்பது, வீட்டிலேயே படித்த தகப்பனும், கையில் பணமும், நாவில் இங்கிலீஷும் உள்ள பிள்ளைக்காகத் தைத்த சட்டை. அதை நம் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, "உடம்பு சரியில்லை" என்கிறார்கள்.

சேர்ந்தவர் கணக்கு உண்டு, நின்றவர் கணக்கு எங்கே?

2021-22-ம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்கு 47 பேர் என்ற விகிதத்தில் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள். அகில இந்திய விகிதம் 28-ஐச் சற்றே தாண்டியது. இது பெருமைப்பட வேண்டிய வித்தியாசம். மதிய உணவும், இட ஒதுக்கீடும், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடமும் கேட்டுப் பெற்றதன் பலன் அது. அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

ஆனால் இந்த 47 என்பது சேர்ந்தவர்களின் கணக்கு. மில் வாசலுக்குள் எத்தனை பேர் காலையில் நுழைந்தார்கள் என்பது ஒரு கணக்கு. ஷிப்ட் முடியும் மட்டும் எத்தனை பேர் நின்றார்கள் என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு கல்லூரியும் முதல் வருஷம் எத்தனை பேரைச் சேர்த்தது, அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருஷத்துக்கு வந்தார்கள், வராதவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைக் கல்லூரி வாசலில் எழுதி ஒட்டட்டும். அப்போது தெரியும், யாருடைய தலையில் எது ஏறவில்லை என்பது.

விவசாயத் தோழர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றை வயலில் நட்டதும் அது நிமிர்ந்து நிற்கிறதா? இல்லை. இரண்டொரு நாளில் வெளிறிச் சாய்கிறது. "இது செத்த நாற்று" என்று யாராவது பிடுங்கி எறிகிறோமா? தண்ணீரை அளவாகக் கட்டி, பத்து நாள் பொறுத்து, அது பச்சை பிடிக்கும் வரை காவல் இருக்கிறோம். மில் தோழர்களுக்கும் தெரியும். புதிதாக வந்த ஆளை முதல் நாளே ரிங் பிரேமில் தனியே நிறுத்தி, "ஏன் இத்தனை இழை அறுகிறது?" என்று கேட்டால் அது எவ்வளவு அநியாயம்! பழைய சைடர் பக்கத்தில் நின்று கை பிடித்துக் காட்டித் தருகிறார். அதற்குப் பிறகுதான் வேலை வருகிறது.

நாற்றுக்கும் புதுத் தொழிலாளிக்கும் உள்ள இந்த நியாயம், கல்லூரிக்குப் போன நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?

தெரிந்ததே தெரியாததாகிறது

முதல் இடி மொழியில் விழுகிறது.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பையன் பிஸிக்ஸ் வகுப்பில் போய் உட்காருகிறான். "வெலாசிட்டி" என்கிறார் ஆசிரியர். பையன் திகைக்கிறான். அவனுக்குத் திசைவேகம் தெரியும்; கணக்கும் போடுவான். "ஆக்ஸிலரேஷன்" என்கிறார். அவன் படித்த முடுக்கம்தான் அது. கணித வகுப்பில் "டெரிவேட்டிவ்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நூறு தடவை போட்டுப் பழகிய வகைக்கெழுவே அது. சரக்கு அவன் தலையில் பத்திரமாக இருக்கிறது. மேலே ஒட்டியிருந்த பெயரை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார்கள்.

இதில் நேருகிற நஷ்டம் என்ன? தெரியாததைத் தெரியாது என்று நினைப்பது ஒரு நஷ்டமே அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்ததையே தெரியாது என்று நம்பிவிடுகிறானே, அதுதான் நஷ்டம். பக்கத்தில் இங்கிலீஷ் பள்ளியில் படித்த பிள்ளை தலையாட்டுகிறது. இவனும் தலையாட்டுகிறான். கேள்வி கேட்க எழுந்தால் இங்கிலீஷில் கேட்க வேண்டுமோ என்ற பயம். பயத்தில் ஒரு மாதம் போகிறது. இரண்டாம் மாதம் பாடம் வெகுதூரம் போய்விடுகிறது.

தமிழில் கல்லூரிப் படிப்பு முடியவே முடியாது என்று சில மேதாவிகள் சொல்வார்கள். 1960-லேயே கோவை அரசாங்கக் கலைக் கல்லூரியில் பரீட்சார்த்தமாகப் பி.ஏ. வகுப்பு தமிழில் தொடங்கியது. அதையொட்டிக் கல்லூரிப் பாடங்களுக்கான நூற்றுக்கணக்கான புத்தகங்களைச் சர்க்காரே தமிழில் வெளியிட்டது. 2010-ல் அண்ணா பல்கலைக் கழகம் சிவில், மெக்கானிக்கல் என்ற இரண்டு இன்ஜினீயரிங் பிரிவுகளைத் தமிழில் தொடங்கியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசாங்க வேலையில் நூற்றுக்கு 20 இடம் என்ற சட்டமும் அதே 2010-ல்தான் வந்தது. ஆகவே முடியாது என்பது பொய். முழு மனதோடு செய்யவில்லை என்பதுதான் உண்மை.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் சொல்கிறோமா? இல்லை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ், உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்றால், அது நம்மைச் சுற்றி இன்னொரு வேலி போடுவதாகும். நம் பிள்ளைக்கு இங்கிலீஷும் வேண்டும். ஆனால் நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று ஆளை ஆற்று நடுவில் தள்ளிவிடுவதைக் கற்பித்தல் என்று சொல்ல முடியாது. கற்றுக்கொள்ள நாள் கொடு, ஆள் கொடு, அதுவரை பாடத்தைத் தாய்மொழியில் விளக்கு என்பதே நம் வாதம்.

பணம் உண்டு, பசிக்கிற நேரத்தில் இல்லை

இரண்டாவது இடி பணம்.

தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித் தொகை 1944-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. 2010-ல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. யாரும் கருணையால் அள்ளி வீசியதல்ல இதெல்லாம். ஜனங்கள் பல காலம் கேட்டதன் விளைவு. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் கணக்குப் பார்ப்போம். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் என்பது அந்தக் கூலியில் மூன்று நாளைக்குக்கூட எட்டு ரூபாய் குறைவு. கட்டணச் சலுகை என்றால் அது கல்விக் கட்டணத்துக்குத்தான். பரீட்சைக் கட்டணம், பஸ், புத்தகம், லேப் நோட்டு, ஷூ, விடுதிச் சாப்பாடு எல்லாம் தனி. அதற்கும் மேல், பல இடங்களில் உதவித் தொகை கைக்கு வருவதற்குள் செமஸ்டர் பாதி ஓடிவிடுகிறது. கல்லூரி ஆபீஸோ முதல் வாரத்திலேயே பணத்தைக் கட்டு என்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி, "நீ இன்னும் கட்டவில்லை" என்று பெயர் வாசிக்கிற கல்லூரிகளும் உண்டு. பயிர் காய்ந்த பிறகு வாய்க்காலில் தண்ணீர் விட்டு என்ன பிரயோஜனம்?

பணம் இல்லாத பிள்ளை என்ன செய்கிறது? வேலைக்குப் போகிறது. இங்கேதான் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. அதன் பெயர் வருகைப் பதிவு. பள்ளிக்கூடத்தில் நாலு நாள் வராவிட்டால் வாத்தியார் திட்டுவார், அவ்வளவுதான். கல்லூரியில் நூற்றுக்கு 75 நாள் வராவிட்டால் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள். செமஸ்டர் என்கிற ஆறு மாதப் பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள்.

தஞ்சை ஜில்லாத் தோழர்கள் இதைத் தங்கள் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்கிக்கொண்டு வருகிற புரட்டாசி, ஐப்பசியில்தான் கல்லூரியில் முதல் செமஸ்டர் பாடம் மும்முரமாக நடக்கிறது. கூலி கிடைக்கிற நாளும் அதுதான். "பத்து நாள் நடவுக்கு வா, தீபாவளிச் செலவுக்கு ஆகும்" என்று கூப்பிடுகிறோம். பிள்ளையும் வருகிறது. அதற்கு முன்னே காய்ச்சலில் ஆறு நாள், சாவு வீட்டுக்கு நாலு நாள், சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தது மூன்று நாள். கூட்டிப் பாருங்கள்: 23. ஒரு நாள் அதிகம்! சிறு குறைவுக்கு அபராதம் கட்டிவிட்டு எழுத அனுமதிக்கும் விதி உண்டு. ஆனால் அந்த அபராதப் பணத்துக்கு எங்கே போவது?

பட்டணத்துப் பிள்ளையின் கதையும் இதுவே. அரசாங்கக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் மில் மாதிரியே காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று வகுப்பு நடந்தது உண்டு. காலையில் வகுப்பு, மாலையில் ஜவுளிக் கடை, ராத்திரி பத்து மணிக்குப் பஸ். இந்தப் பிள்ளை எப்போது புத்தகத்தைத் திறக்கும்?

விடுதிச் சாப்பாட்டையும் பார்ப்போம். தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட மாணவர் விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப் படி 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக 2023-ல் உயர்ந்தது. உயர்த்தியது சரிதான். நாளொன்றுக்கு எவ்வளவு ஆகிறது? 50 ரூபாய். மூன்று வேளைக்கு! பதினெட்டு வயதுப் பிள்ளை வளர்கிற உடம்பு. அதன் பசி யாருடைய உத்தரவுக்கும் அடங்காது. பாதி வயிற்றோடு ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்தால் எழுத்துக்குப் பதில் வீட்டு நினைவுதான் வரும்.

குனிய வைக்கும் கேள்வி

மூன்றாவது இடிக்குச் சத்தம் இல்லை. அதன் பெயர் வெட்கம்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தகப்பனார் தொழில் சொல்கிறார்கள். டாக்டர், வக்கீல், பிஸினஸ் என்று வரிசையாக வருகிறது. நம் பிள்ளையின் முறை வந்ததும் குரல் இறங்குகிறது. கூலி வேலை என்று சொல்ல வாய் வராமல் "விவசாயம்" என்கிறது. ஊர் எது, தெரு எது, எந்தக் கோவில் என்று சுற்றி வளைத்துக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்கிற கெட்டிக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜை தானாகப் பிரிகிறது.

ராகிங் என்ற கொடுமையும் முதல் வருஷத்துப் பிள்ளையின் தலையில்தான் விடிகிறது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழக மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபோது நாடே பதறியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. 2009 முதல் தேசம் முழுவதற்கும் பல்கலைக் கழக மானியக் குழுவின் விதிகள் இருக்கின்றன. புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச டெலிபோன் இருக்கிறது. சட்டம் காகிதத்தில் உண்டு. அதைப் பயன்படுத்தும் தைரியத்தைப் பிள்ளைக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

வெட்கத்துக்கு மருந்து ஒன்றே. நீ யார் என்று கேட்டால் நிமிர்ந்து சொல்: "என் தாய் நடுகிற நாற்றில்தான் இந்தக் கல்லூரியே சோறு தின்கிறது. என் தகப்பன் நூற்ற நூலில்தான் இங்கே எல்லோரும் மானத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்." இதைச் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர் எத்தனை பேர்? வீட்டில் நாமே "என்னைப் போலக் கெட்டுப்போகாதே" என்று சொல்லிச் சொல்லி நம் உழைப்பை நாமே இழிவுபடுத்தினால், வெளியில் பிள்ளை எப்படித் தலைநிமிரும்?

இங்கே பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டால், பையனுக்கு "மறுபடி எழுது" என்கிறோம். பெண்ணுக்கு? "படித்தது போதும்" என்று மில் விடுதிக்கு அனுப்புகிற வீடும் உண்டு. ஜாதகத்தை எடுக்கிற வீடும் உண்டு. பெண்ணுக்கு இது தெரியும். அதனால்தான் அவள் தவறிய பேப்பரை வீட்டில் மறைக்கிறாள். மறைத்ததால் உதவி கேட்க முடியாமல் தவிக்கிறாள். ஒரு பேப்பரில் தவறியதற்குத் தண்டனை ஆயுள் முழுவதுமா? முதலாளி ஒரு நாள் தாமதத்துக்கு வேலை நீக்கம் செய்தால் நாம் கேட் கூட்டம் போடுகிறோம். வீட்டில் நாமே முதலாளி ஆகலாமா?

ஒரு பேப்பர் தவறுவதை அங்கே அரியர் என்கிறார்கள். அது தலைமுழுக்கு அல்ல. பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் அரியர் வைத்துக்கொண்டே அடுத்த வருஷத்துக்குப் போகலாம். தவறிய பேப்பரை அடுத்த பரீட்சையில் எழுதலாம். பள்ளிக்கூடத்துப் பெயில் வேறு, கல்லூரி அரியர் வேறு. இந்த ஒரு சேதி எல்லாத் தாய் தகப்பனுக்கும் தெரிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கதவைத் திறந்தவர்கள் படியும் கட்டினார்கள்

இதற்கெல்லாம் வழி உண்டா? உண்டு. செய்து காட்டியிருக்கிறார்கள்.

1918 ஆகஸ்டில் ருஷ்யப் புரட்சிச் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பதினாறு வயதான எவரும், ஆணோ பெண்ணோ, சர்டிபிகேட்டும் நுழைவுப் பரீட்சையும் இல்லாமல் சர்வகலாசாலையில் சேரலாம், கட்டணம் கிடையாது என்றது. கதவு திறந்தது. தொழிலாளிகள் வந்தார்கள். ஆனால் பாடம் புரியாமல் பலர் திரும்பிப் போனார்கள். அப்போது அந்தச் சர்க்கார் என்ன சொன்னது? "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்றா? இல்லை. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, படியும் கட்ட வேண்டும் என்று கண்டது. 1919-ல் முதல் தொழிலாளர் ஆயத்தக் கல்விப் பிரிவு மாஸ்கோவில் திறந்தது. ரப்பாக் என்று அதற்குப் பெயர். பகலில் படித்தால் மூன்று வருஷம், வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படித்தால் நாலு வருஷம். தொழிற்சங்கங்களும் ஆலைக் கமிட்டிகளும் ஆட்களைத் தேர்ந்து அனுப்பின. பகல் மாணவர்களுக்கு உதவித் தொகை உண்டு. பள்ளிக்கூடங்கள் பெருகி அந்தப் படி தேவைப்படாமல் போனபின் அவை மூடப்பட்டன. 1960-ல் மாஸ்கோவில், பின்னர் லுமும்பா பெயர் தாங்கிய பல்கலைக் கழகம் தொடங்கியபோதும் அதே முறைதான். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர்களை முதலில் ஆயத்தப் பிரிவில் வைத்து ருஷ்ய மொழி கற்பித்துவிட்டுத்தான் பாடத்துக்கு அனுப்பினார்கள். 1991-ல் அந்தச் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று. ஆனால் அது கண்டுபிடித்த இந்த வழி பொய்யாகிவிடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டு ஐ.ஐ.டி.க்களிலேயே, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களின் இடங்கள் நிரம்பாதபோது, சற்றே மார்க் குறைந்தவர்களைச் சேர்த்து ஒரு வருஷம் ஆயத்த வகுப்பு நடத்தி மறு வருஷம் பட்டப் படிப்பில் சேர்க்கிற முறை இருக்கிறது. அங்கே முடிவது மன்னார்குடியிலும் உடுமலையிலும் ஏன் முடியாது?

பழைய தோழர்களுக்குப் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே, கல்லூரிக்குள்ளேயே ஒரு வருஷம். அது பாலமாக இருக்க வேண்டியது. பெரும்பாலும் இங்கிலீஷிலேயே நடந்ததால் பலருக்கு வடிகட்டியாக ஆகிவிட்டது. 1978-ல் பிளஸ் டூ வந்து அதன் இடத்தைப் பிடித்தது. வடிகட்டி போனது நல்லது. ஆனால் பாலம் கட்டப்படவில்லை. தொழிற்கல்விக் கல்லூரிகளில் புது மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2017-ல் சொன்னது. பன்னிரண்டு வருஷப் பள்ளத்தை மூன்று வாரத்தில் நிரப்பிவிட முடியுமா?

"சலுகைக்கு மேல் சலுகை கொடுத்தால் தகுதி குறையும்" என்று சில கனவான்கள் முனகுவார்கள். அவர்களைக் கேட்கிறோம்: உங்கள் பிள்ளைக்கு மூன்று வயதில் இங்கிலீஷ் பள்ளி, பத்து வயதில் டியூஷன், பதினாறில் கோச்சிங் சென்டர், சந்தேகம் கேட்கச் சித்தப்பா இன்ஜினீயர். பதினேழு வருஷம் வீட்டிலேயே ஆயத்த வகுப்பு நடந்திருக்கிறதே, அதற்குப் பெயர் சலுகை இல்லையா? நம் பிள்ளைக்கு ஆறு மாதம் கேட்டால் மட்டும் தகுதி குறைந்துவிடுமா?

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

சர்க்காரிடமும் பல்கலைக் கழகங்களிடமும் நாம் கேட்பது இவை:

1. கல்லூரியில் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் தமிழ்வழி மாணவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷும் அடிப்படைப் பாடமும் கற்பிக்கும் பால வகுப்பு வேண்டும்.

2. முதல் வருஷம் பூராவும் பாடத்தை இரு மொழியிலும் விளக்க வேண்டும். எந்தப் பாடத்திலும் தமிழில் விடை எழுத உரிமை வேண்டும்.

3. உதவித் தொகையின் முதல் தவணை கல்லூரி திறக்கும் மாதத்திலேயே வர வேண்டும். அது வரும் வரை பணத்துக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்தோ பரீட்சையிலிருந்தோ நிறுத்தக் கூடாது.

4. விடுதி உணவுப் படி விலைவாசிக்குத் தக்கபடி ஆண்டுதோறும் ஏற வேண்டும்.

5. ஆசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். அரசாங்கக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தது என்ன நியாயம்? நாளை வேலை உண்டா என்று தெரியாத ஆசிரியர், பயந்து நிற்கிற பிள்ளைக்கு எப்படித் தைரியம் சொல்வார்?

6. முதல் வருஷத்தில் நின்றுவிட்டவர் கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. நாம் இன்றே செய்யக் கூடியவை இருக்கின்றன.

முதலாவதாக, வகுப்பு நடக்கிற நாளில் பிள்ளையைக் கூலிக்கு அழைக்காதீர்கள். அந்த ஒரு நாள் கூலி ஒரு செமஸ்டரையே விழுங்கும். முடியாத நெருக்கடி என்றால் 22 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

இரண்டாவதாக, கல்லூரிக்கு ஒரு தடவை நேரில் போங்கள். அழுக்கு வேஷ்டி என்று தயங்க வேண்டாம். துறைத் தலைவர் யார், உதவித் தொகை குமாஸ்தா யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி, பாங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் பணம் நின்றுபோகும்.

மூன்றாவதாக, "பாஸா, பெயிலா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன புரியவில்லை? சாப்பிட்டாயா? யாராவது தொந்தரவு செய்கிறார்களா?" என்று கேளுங்கள். படிப்பு நமக்குத் தெரியாமல் இருக்கலாம், கேட்கத் தெரியாதா?

நான்காவதாக, சங்கங்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூலி உயர்வும் போனஸும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இதுவும். ஒவ்வொரு மில் சங்க ஆபீஸிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையிலும், இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கட்டும். அதே கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் வருஷம் படிக்கிற நம் பிள்ளை ஒருவரைப் புதியவருக்குத் துணையாகக் காட்டிவிடுங்கள். மில்லில் பழைய சைடர் புது ஆளுக்குச் செய்கிற அதே காரியம். ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸில் ஒரு விளக்கும், ஒரு பெஞ்சும், ஒரு அகராதியும் போதும். பத்துப் பிள்ளைகள் கூடிப் படிக்கலாம். தீபாவளி போனஸில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஒதுக்கினால், பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஒரு நிதி ஆகும்.

மாணவ வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் வகுப்பில் கேட்ட இங்கிலீஷ் சொல். வலது பக்கம் நீங்கள் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல். தினம் பத்து எழுதினால் மூன்று மாதத்தில் தொள்ளாயிரம் ஆகும். அந்தத் தொள்ளாயிரத்துக்குள் முதல் வருஷப் பாடத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். முன் பெஞ்சில் உட்காருங்கள். புரியவில்லை என்றால் தமிழிலேயே கேளுங்கள். நீங்கள் கேட்கிற கேள்வி, பின்னால் பயந்து உட்கார்ந்திருக்கிற இன்னும் பத்துப் பேருடைய கேள்வி. தனியாக அழாதீர்கள், உங்களைப் போன்றவர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒன்றாக உட்காருங்கள். தனியே நிற்கிற தொழிலாளிக்கு முதலாளி என்ன மரியாதை தருவான் என்பது உங்கள் தகப்பனாருக்குத் தெரியும். கூடி நின்றால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தப் பாடத்தை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

தோழர்களே, கல்லூரி யாருடைய பணத்தில் நடக்கிறது? நாம் வாங்குகிற தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டுகிற வரியில் நடக்கிறது. அங்கே நம் பிள்ளை விருந்தாளி அல்ல; பங்காளி. வாசல் வரை கொண்டுபோய் விட்டதோடு நம் வேலை முடியவில்லை. முதல் வருஷம் என்ற ஆற்றை அது தாண்டும் வரை கரையில் நிற்போம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பாலம் கட்டும்படி சர்க்காரை விடாமல் கேட்போம். இனி எந்தத் தொழிலாளி வீட்டிலும் "படிப்பு ஏறவில்லை" என்ற சொல் கேட்கக் கூடாது!